போர்டில் இருக்கும் நர்ஸம்மா

மருத்துவமனை மேனேஜர் தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது அதில் என் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளிர் நீலச் சட்டை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கையில் ஒரு பைல், பின்னால் வெள்ளைச் சுவர். அக்கா நர்ஸ் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்கு பிரேம் எடுத்துக் கொடுத்து, அது மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. படத்தை எடுத்தவர் அவள் கணவர், என் அத்தான். அவர்தான் அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் மேனேஜர். "ஹால்ல முழுச் சுவருக்கும் இதத்தான் போடப்போறோம். டாக்டர், லேப், எல்லாத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு ஒண்ணு நெட்ல இருந்து எடுத்தாச்சு. உங்களுக்குக் காபி சொன்னேன் பாருங்க, அந்தக் காபி விலை கூட ஆகல."

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லைட்டிங் நல்லா இருக்கு," என்றார்.

"யாரோ பெரிய ஆளா இருக்கணும் சார்."

"இருக்கும்," என்றார் அத்தான். காபி வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். ஆல்பத்தை அவர் திறக்கவே இல்லை.

இதை முறையாக எழுத வேண்டுமென்றால் அந்த ஆல்பத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் அத்தானின் ஸ்டுடியோவில்தான் வேலை பார்க்கிறேன். மருத்துவமனை, தொழிற்சாலை, பள்ளிக்கூடம் என்று நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஒவ்வொன்றாக எல்லோரும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் படங்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த மருத்துவமனைதான். புதுக் கட்டடம் திறக்கிறார்கள், எல்லாப் பிரிவுக்கும் படம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, பழைய வேலைகளில் நல்லதாகப் பொறுக்கி ஆல்பம் செய்தோம். இது கிடைத்தால் ஸ்டுடியோ இருக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசி சனிக்கிழமை வீடியோக்காரர் ஒருவர் வேனோடு வந்து விளக்குகளை விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். அத்தான் தன் நண்பரின் கிடங்கில் மேற்பார்வைக்குச் சேர்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தார். அவர் எதையும் பாதியில் விட மாட்டார், கடையை மூடுவதைக்கூட.

படிக்கட்டில் இறங்கும்போது நான் கேட்டேன்: "ஏன் அத்தான் சொல்லல? அது உங்க படம்னு?"

"சொன்னா?"

"தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சு? 'அப்படியா சார், அப்போ இன்னும் நாலு அனுப்புங்க, அதே ரேட்ல'ன்னு சொல்வாரு." நாலு படி இறங்கினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் வேலைய எவனோ கெடுத்துட்டான்னு இத்தன நாளா திட்டிட்டு இருந்தேன்மா. அவன் யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

வேலை வராத ஒரு சமயத்தில் எடுத்த படம் அது. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் படங்களை எடுத்து, ஒரே படத்தை யாருக்கும் எத்தனை தடவையும் விற்கும் இணையத் தளத்தில் ஏற்றலாம் என்று அத்தான் முடிவு செய்தார். மாடலுக்குக் கொடுக்க வழியில்லாததால் அக்காவே எல்லாமாக நின்றாள். டீச்சராக, வங்கிக் குமாஸ்தாவாக, தலைவலிக்காரியாக, வாடகை வீடு கிடைத்த சந்தோஷத்தில் சாவியைத் தூக்கிக் காட்டுகிறவளாக. நர்ஸ் சட்டை அவளுக்கு இரண்டு மடங்கு பெரிது. முதுகுப் பக்கம் துணி கிளிப்புகளை வரிசையாகப் போட்டு இறுக்கியிருந்தோம். அந்தச் சிரிப்பு நோயாளிகளுக்கானது இல்லை. அவள் மகள், நாங்கள் பொடிசு என்று கூப்பிடுகிறவள், அப்போது கேமராவுக்குப் பின்னால் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

படத்துக்குத் தேடல் வார்த்தைகள் எழுதிச் சேர்ப்பது என் வேலை. யாராவது தளத்தில் ஒரு வார்த்தையைத் தட்டினால் எந்தப் படம் முன்னால் வர வேண்டும் என்பதை அந்த வார்த்தைகள்தான் தீர்மானிக்கின்றன. நர்ஸ், கனிவு, நம்பிக்கை, அனுபவம், மருத்துவமனை என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் ஒழுங்காக அடித்தேன். அவ்வளவு ஒழுங்காக அடித்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஒழுங்கில்லாமல் அடிக்க எனக்குத் தெரியாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா தோசைக்கரண்டி அளவுக்கு நீளமான தன் அளவுகோலைக் கீழே வைத்தாள். பொடிசின் பள்ளி அட்டைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தப் படம்? சாவியா?"

"நர்ஸ்."

"அப்பாடா. நல்லவேளை அந்த மூலக் களிம்புப் படம் இல்ல."

அது ஒரு தனிக் கதை. அவளுடைய தலைவலிப் படத்தை யாரோ வாங்கி, தலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நோய்க்கு விளம்பரம் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அடுத்த வாரம் முழுக்க அவளுக்கு உட்கார மெத்தை நாற்காலியாகத் தேடித் தேடிக் கொடுத்தார்கள்.

"ஏங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள் அக்கா. "என்னைய வித்து உங்களையே காலி பண்ணிட்டீங்களாமே."

"ஒருதடவை இல்ல," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "ஆயிரம் தடவை வித்திருக்கேன். ஒரு தடவையும் உருப்படியா விக்கல."

அக்கா சிரித்தாள். பிறகு கோடு போடாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் தணிந்த குரலில், "கிடங்கு வேலைல நிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்லடி," என்றாள். "ஆனா இந்த மனுஷனுக்கு ஜன்னல் பக்கமா வெளிச்சம் விழுந்தா பேச்சு நின்னுடும். அங்க போய் எதப் பாப்பாரு?"

ஸ்டுடியோ போனால் எனக்கும் ஒரு வழி வேண்டும் என்று அக்காதான் என்னை மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கச் சேர்த்திருந்தாள். வகுப்பு தொடங்குமுன் கிடைக்கும் நேரத்தில்தான் இதையெல்லாம் எழுதிவைக்கிறேன். அந்த வாரம் ஆசிரியர் சொத்து என்றால் என்ன என்று கேட்டார். விற்றால் கையை விட்டுப் போவது, விற்காவிட்டால் நம்மிடம் இருப்பது என்று ஒருவர் சொன்னார். நான் அக்காவின் படத்தை நினைத்தேன். எத்தனை முறை விற்றாலும் அது எங்களிடம் இருந்தது. எங்களிடம் இருந்தும் எங்களுக்கு எதிராக வேலை செய்தது. சொத்தா கடனா, எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்கியது. வீடியோக்காரர் ஒருநாள் வந்து ஒவ்வொரு விளக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நான் வயர்களைச் சுருட்டிக் கட்டினேன். அத்தான் பின்னணித் துணிகளை உருளையில் சுற்றி, எது எந்த நிறம் என்று ஓரத்தில் எழுதினார். வாங்குகிறவருக்கு அது தேவைப்படாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பொடிசு காது வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். அக்கா கடையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். நானும் கூடப் போனேன். பக்கத்தில் இருப்பது அந்த மருத்துவமனைதான். அக்கா கடைச் சீருடையில் இருந்தாள். அதுவும் வெளிர் நீலம். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

ஹாலில் நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுவதும் அக்கா. தரையிலிருந்து கூரைவரை. தலைக்கு மேலே, 'உங்களுக்காகவே நாங்கள்' என்று எழுதியிருந்தது. பொடிசு அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா, உன் பல்லு என் அளவுக்கு இருக்கு," என்றாள்.

"வாய மூடு. குனிஞ்சு வா," என்றாள் அக்கா. டோக்கன் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அக்கா கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த ஒரு பெரியவர். "ரத்தம் குடுத்துட்டேன். ரிப்போர்ட் எங்கம்மா வாங்கணும்?"

"நான் இங்க வேலை பாக்கலீங்க."

அவர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்போ அது யாரு?"

"அது நான்தான். ஆனா நான் இங்க இல்ல."

"சரிம்மா," என்றார் அவர் பொறுமையாக. "டூட்டி முடிஞ்சிருச்சுன்னா சொல்லிடு. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அதற்குள் முன் வரிசையிலிருந்து தலைகள் திரும்பத் தொடங்கிவிட்டன. ஒரு பெண் எக்ஸ்ரே கவரோடு எழுந்து வந்தாள். இன்னொருவர் ஊன்றுகோலோடு வந்தார். "அந்த அம்மாதான்," "வந்துட்டாங்க," "லீவுன்னாங்களே," என்றெல்லாம் காதில் விழுந்தது. என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அக்கா சற்று நேரம் இல்லை இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கடையின் பழக்கம் மேலே வந்துவிட்டது. வாடிக்கையாளர் எதிரில் நின்றால் அவளால் சும்மா உட்கார முடியாது. பொடிசை என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். சுவரில் இருந்த பலகையைப் படித்து, "ரிப்போர்ட் மாடில, ரெண்டாவது கதவு," என்றாள். எக்ஸ்ரேக்காரியின் டோக்கனை வாங்கிப் பார்த்து, "உங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டு பேர்தான், உக்காருங்க," என்றாள். ஊன்றுகோல்காரருக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். சுவரில் இருந்தவளும் கீழே நின்றவளும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"யாருங்க இங்க கூட்டம் போடுறது?"

உண்மையான தலைமை நர்ஸ் வந்துவிட்டார். அகலமான முகம், மூக்கின் நுனியில் கண்ணாடி. அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நாங்கள் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"நீங்கதானா அது?" என்றார். "இந்தப் படத்த மாட்டுன நாள்ல இருந்து எனக்கு உசுரு போகுது. ஊசி போட ஊசியத் தூக்குனா, போர்டுல இருக்கிற நர்ஸம்மா எங்க, அவங்களே வந்து போடட்டும்ங்கிறாங்க. லீவு லீவுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இப்படி நாள்கணக்கா லீவு எடுக்கிற நர்ஸுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய போட்டோன்னு ஒருத்தர் புகார் எழுதிப் போட்டுட்டாரு."

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் அக்கா. "எனக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும்."

யாரோ மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க அன்னிக்கு போட்டோகிராபரோட வந்தவங்கதான?"

பொடிசை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தேன். சொன்னேன். "ஆமா சார். அந்தப் படம் எடுத்தது அவர்தான். இது அவரோட மனைவி. இவங்க கண்ணாடிக் கடைல வேலை பாக்குறாங்க."

நான் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. பஞ்சைப் பிடித்திருந்த பெரியவர் மெதுவாகத் திரும்பி, பக்கவாட்டுச் சுவரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற நரைத்த தலை டாக்டர் படத்தைப் பார்த்தார்.

"அப்போ இவரு?" என்றார்.

மேனேஜர் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினார்.

"இவரப் பாக்கணும்னுதான நான் பஸ் ஏறி வந்தேன். இவரு எந்தக் கிழமை வருவாரு?"

"அவரு..." என்று ஆரம்பித்த மேனேஜர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவரும் எங்கயாவது கடைல வேலை பாக்குறாரா?" என்று கேட்டது ஊன்றுகோல்காரர். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, கையில் இருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எக்ஸ்ரேக்காரி எழுந்து, "உள்ள இருக்கிற டாக்டராவது நிஜமா?" என்று தலைமை நர்ஸிடமே கேட்டுவிட்டாள்.

அந்தக் கேள்விதான் மேனேஜரைத் தாக்கியது என்று நினைக்கிறேன். என் நினைப்பு தவறாகவும் இருக்கலாம். அக்காவைக் கேட்டால், அவர் பயந்தது அதற்கு முன்பே, பெரியவர் பஸ் என்று சொன்னபோதே என்கிறாள்.

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த டாக்டர் நிஜம்தான். சிறிய விளக்கோடு பொடிசின் காதுக்குள் பார்த்து, இடுக்கியால் எதையோ எடுத்துத் தட்டில் போட்டார். டிங் என்று கேட்டது. பாசிமணி. ஸ்டுடியோவில் மூட்டை கட்டும்போது அலங்காரப் பெட்டியிலிருந்து உருண்டது.

"எதுக்குடி காதுல போட்ட?"

"அப்பா எல்லாத்தையும் பெட்டில போட்டு மூடுறாரு. இத மட்டும் நான் ஒளிச்சு வெச்சேன்," என்றாள் பொடிசு.

அக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

வெளியே வரும்போது மேனேஜர் வாசலருகே காத்திருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அவரு," என்றார் குறையாக. பிறகு, "மேலிடத்துல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

"நாளைக்குச் சொல்றேன்னு சொன்னவங்க எல்லாம் சொல்லியிருந்தா நான் இந்நேரம் மாடி கட்டியிருப்பேன்," என்றார் அத்தான், வீட்டில் இதையெல்லாம் கேட்டுவிட்டு. ஆனால் எழுந்துபோய் போனுக்கு சார்ஜ் போட்டார்.

சனிக்கிழமை காலை வீடியோக்காரர் சொன்னபடி வேனோடு வந்தார். அத்தான் அவருக்கு எந்த விளக்கு எவ்வளவு நேரத்தில் சூடாகும், எதன் திருகு லூஸ் என்றெல்லாம் விளக்கினார். முதலில் எடுத்தது மூலையில் இருந்த மிகப் பழைய விளக்கு. இருவருமாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். இரண்டாவதற்கு வரும்போது போன் அடித்தது. அதை நான்தான் எடுத்து அத்தானிடம் நீட்டினேன். திரையில் மேனேஜரின் பெயரைப் பார்த்துவிட்டேன்.

அத்தான் நின்றபடியே கேட்டார். ம், ம் என்றார். பிறகு, "எடுக்கலாம் சார். ஆனா உங்க ஆளுங்கள மட்டும்தான். டாக்டர்னா உங்க டாக்டர், நர்ஸ்னா உங்க நர்ஸ். வேற எங்கயும் இது போகாது, என் பக்கத்துல இருந்தும் போகாது. விலை அன்னிக்கு ஆல்பத்துல எழுதிக் கொண்டுவந்த அதே விலைதான், அனுப்பி வைக்கிறேன்," என்றார். அந்தப் பக்கம் மேனேஜர் நீளமாக ஏதோ சொன்னார். "காபி நல்லா இருந்துச்சு சார்," என்றார் அத்தான். "அதோட விலைக்குப் படம் எடுக்க எனக்கு வராது."

நான் வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போனை வைத்தார்.

"என்ன சொன்னாரு அத்தான்?"

"திங்கக்கிழமை வரச் சொல்றாரு. எல்லாப் பிரிவும்." சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தலையில் சுமந்ததை இறக்கி வைத்தவர் போல இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

வீடியோக்காரர் இரண்டாவது விளக்கின் காலைப் பிடித்தபடி நின்றார். "அப்போ இது?"

"இல்லண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"வேன் வாடகை யாரு குடுப்பா?"

"அந்தப் பழச எடுத்துட்டுப் போங்க. வேன் வாடகைக்கும் வயித்தெரிச்சலுக்கும் சேத்து."

வீடியோக்காரர் யோசித்தார். "திருகு லூஸுன்னு சொன்னது அதுதான?"

"அதுதான்."

"நான் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கொஞ்சம் சிரித்தார்.

திங்கட்கிழமை முதலில் தலைமை நர்ஸ். அவர் கேமராவைப் பார்த்ததும் ஊசிக்கு உட்கார்ந்த நோயாளி போல விறைத்துவிட்டார். "நான் அந்த அம்மா மாதிரி சிரிக்கணுமா?"

"வேண்டாம்," என்றார் அத்தான். "ஜூனியர் ஒருத்தி லீவு கேக்க வர்றா. மூணாவது தடவை அவ பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்றா. அவளப் பாருங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. அத்தான் அமுக்கினார். அதுதான் இப்போது ஹாலில் இருக்கிறது. ஊசி போடுவதற்கு யாரும் வேறு ஆள் கேட்பதில்லையாம். தெரியாத்தனமாகக் கையை ஆட்டினால் திட்டுவார் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்கிறார்களாம்.

இந்த முறை நான் தேடல் வார்த்தைகள் எதுவும் எழுதவில்லை. இந்தப் படங்களை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆட்கள் படத்துக்குக் கீழேயே நடமாடுகிறார்கள். ஆனால் அடுத்து வரும் நிறுவனம் மறுபடியும் இணையத்துக்குத்தான் போகும் என்று அத்தான் சொல்கிறார். அதற்கு என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நேற்றுக்கூட அக்காவின் சாவிப் படம் எங்கோ ஒருமுறை விற்றிருக்கிறது. கிடங்கு நண்பருக்கு வரவில்லை என்று சொல்லியாகிவிட்டது. ஸ்டுடியோ இந்த வருடம் இருக்கும். நான் கணக்கியல் வகுப்பை விடவில்லை.

போர்டு என்று எல்லோரும் சொன்ன பழைய பேனரைக் கழற்றி மேனேஜர் எங்களுக்கே அனுப்பிவிட்டார். நல்ல கெட்டித் துணி, தூசிக்கும் மழைக்கும் தாங்கும். விளக்குகள் மேல் போர்த்தலாம் என்று அத்தான் விரித்தார். ஸ்டுடியோ தரை முழுவதும் அக்கா படுத்திருந்தாள். பொடிசு அந்தப் பெரிய பல்வரிசை மேல் நடந்து பார்த்தாள்.

அக்கா வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தாள்.

"முகத்த உள்பக்கமா மடிங்க," என்றாள். "இனிமேயாவது அவ கொஞ்சம் லீவு எடுக்கட்டும்."